ஒரு ராத்திரிதானே



பிப்ரவரி மாதம் நானும் என் துணைவியாரும் சண்டிகர் போய் வந்த படங்களைப் போட்டிருந்தேன். "எங்க சார் தங்கினீங்க? ரூம் வாடகை எவ்வளவு? வயசானவங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதக் கை வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக 1997-ல் என்னோடு தஞ்சாவூர் சுற்றுலா வந்த எட்டாம் வகுப்பு மாணவ மாணவியர் கடைசிவரை படிக்க வேண்டும். உங்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது.

போய் வந்தவன் போகப்போகிறவனுக்கு வழி சொல்வது நமக்குப் பழைய வழக்கம். அதற்குத்தான் ஆற்றுப்படை என்று பெயர். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணம் பக்கம்தான் என்று அறிஞர்கள் சொல்வார்கள். அந்தப் பாணனுக்கு வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றெல்லாம் புலவர் சொல்லியிருக்கிறார். நான் புலவன் இல்லை, இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தவன். ரூம் விவரம் மட்டும் சொல்கிறேன்.

சண்டிகரைப் பார்க்காமலேயே முப்பது வருஷத்துக்கு மேல் சண்டிகர் பாடம் நடத்தியவன் நான். "திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரம்" என்று கரும்பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். 1947-ல் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் தேவைப்பட்டது. முதலில் ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கர் திட்டம் போட்டார். அவரோடு வேலை செய்த நொவிக்கி 1950-ல் விமான விபத்தில் இறந்தார். 1951-ல் பிரான்சிலிருந்து லெ கொர்புசியே வந்து திட்டத்தை மாற்றி வரைந்தார். 1966-ல் ஹரியானா பிரிந்த பிறகு இரண்டு மாநிலங்களுக்கும் அதுவே தலைநகரம், ஆனால் ஊர் யூனியன் பிரதேசம். ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

பெரிய பையன், "நான் புக் பண்ணித் தரேன்பா" என்றான். நான் விடவில்லை. அப்பனுக்கும் செல்போன் தெரியும் என்று காட்ட வேண்டாமா! விலை குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்திப் பார்த்து, "சண்டிகர்" என்று போட்டிருந்த ஒரு ஓட்டலில் இரண்டு இரவுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். ஒரு நாளைக்கு 1,100 ரூபாய்.

சென்னையிலிருந்து டெல்லிவரை தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். டெல்லியிலிருந்து சாயங்காலம் சதாப்தி. இரவு எட்டரைக்கு மேல் சண்டிகரில் இறங்கினோம். ஆட்டோக்காரர் முகவரியைப் பார்த்து, "இது சண்டிகர் இல்லை, ஜிரக்பூர்" என்றார். ஜிரக்பூர் என்பது அம்பாலா போகிற ரோட்டில் பஞ்சாப் மாநிலத்துக்குள் இருக்கும் ஊர். ஒரு பக்கம் மொகாலி பஞ்சாபில், இன்னொரு பக்கம் பஞ்ச்குலா ஹரியானாவில், நடுவில் சண்டிகர். எல்லாம் ஒட்டியே இருப்பதால் எந்த ஊரில் ஓட்டல் இருந்தாலும் சண்டிகர் என்று எழுதிவிடுகிறார்கள். சமூக அறிவியல் நடத்திய வாத்தியாருக்கே இது தெரியவில்லை.

ஓட்டலில் மூன்றாவது மாடி கொடுத்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. என் துணைவியாருக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம் என்பது உறவினர்களுக்குத் தெரியும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. ரூமில் இருந்ததோ குத்துக்காலிட்டு உட்காரும் கக்கூஸ். அவரால் உட்கார முடியாது. கீழே கேட்டால், "வெஸ்டர்ன் ரூம் எல்லாம் ஃபுல்" என்றார்கள். நான் சொன்னேன்: "ஒரு ராத்திரிதானே, சமாளிச்சுக்கலாம்." இரண்டு ராத்திரிக்குப் பணம் கட்டியிருந்தேன் என்பதை அப்போது சொல்லவில்லை. அவரும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் ஊரைப் பார்த்தோம். தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர் நீதிமன்றம் மூன்றும் இருக்கும் கேபிடல் வளாகத்துக்கு 2016-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்தால் வழிகாட்டியோடு குழுவாக அழைத்துப் போகிறார்கள். 26 மீட்டர் உயரத் திறந்த கைச் சின்னம் காற்றடிக்கும் பக்கம் திரும்பிக்கொண்டு நிற்கிறது. பிறகு சுக்னா ஏரி. ஓடை ஒன்றின் குறுக்கே 1958-ல் அணை கட்டி உண்டாக்கிய ஏரி அது. அணையின் மேல் மோட்டார் வண்டி ஓடக்கூடாது என்பதில் லெ கொர்புசியே பிடிவாதமாக இருந்தாராம். அதனால் இன்றைக்கும் சனங்கள் அங்கே நிம்மதியாக நடக்கிறார்கள். நான் குழந்தை மாதிரி படம் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் ரூமுக்குத் திரும்பியபோதுதான் அவருடைய காலைப் பார்த்தேன். செருப்பு வார் பதிந்து வீங்கியிருந்தது. பையைத் திறந்தால், காலையில் நிரப்பிய தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த நீர் மாத்திரை அட்டையில், ரயில் ஏறிய நாளிலிருந்து ஒன்றுகூடக் குறையவில்லை.

"ஏன் மாத்திரை போடல?" என்று சத்தம் போட்டேன். தப்புதான், சத்தம்தான் போட்டேன்.

"போட்டா அடிக்கடி போகணும். எங்கங்க போறது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க, ஒரு ராத்திரிதானேன்னு" என்றார்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

1997 சுற்றுலாவுக்கு வந்தவர்களே, உங்களுக்கு நினைவிருக்கும். 43 பேர், அதில் பெண் பிள்ளைகள் 19. எங்கள் பள்ளியில் அப்போது ஆசிரியை யாரும் இல்லாததால் என் துணைவியாரைத் துணைக்கு அழைத்து வந்தேன். தஞ்சாவூர் பக்கம் ஒரு சத்திரம், வாடகை மிகக் குறைவு. பெண் பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே கழிப்பறை, அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. அவர் வந்து என்னிடம், "வேற இடம் பாருங்க" என்றார். "ஒரு ராத்திரிதானே" என்று நான் திண்ணையில் படுத்துத் தூங்கிவிட்டேன். அவர் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு விடியவிடிய நின்றார். மறுநாள் பெரிய கோயிலில் ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். சோடா வாங்கிக் கொடுத்தோம். சுற்றுலா அறிக்கையில் "வெயில் மயக்கம்" என்று எழுதினேன். மாசமோ ஜனவரி.

வெயில் இல்லை. பெண் பிள்ளைகள் பலர் முதல் நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. இதை என் துணைவியார் அன்றைக்கே என்னிடம் சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடித்துத் திருப்பிக் கொடுத்தேன் என்று தலைமை ஆசிரியர் பாராட்டியதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. நான் உப்பள ஊர்க்காரன். உங்களில் பாதிப் பேருடைய தாய்மார்கள் அளத்தில் வேலை செய்தவர்கள். விடியுமுன் போய் உப்பு வாரி, வெயில் ஏறும்வரை பாத்தியில் நிற்கிறவர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அதனால் தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்து நீர்க்கடுப்பு வந்து கஷ்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும். சுகாதாரப் பாடத்தில் "தினமும் போதிய தண்ணீர் குடிக்க வேண்டும்" என்று நடத்திவிட்டு, அவர்களுடைய மகள்களையும் அதே நிலையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். மயங்கி விழுந்த அந்த மாணவி இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இந்தப் பதிவையும் படிப்பார். பெயர் சொல்ல மாட்டேன். அம்மா, உன்னிடமும் உன்னோடு வந்த மற்ற 18 பேரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். 28 வருஷம் தாமதமாகக் கேட்கிறேன்.

சண்டிகருக்கு வருகிறேன். அன்றிரவே மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். மாத்திரையை நிறுத்தக்கூடாது, தண்ணீரும் குடிக்க வேண்டும் என்று கண்டித்தார். மறுநாள் காலை செக்டர் 22-ல் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸுக்கு மாறினோம். தரைத்தளம், வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பி. 2,400 ரூபாய். கம்பியைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் படம் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் முழு ஓய்வு. நான்காம் நாள் வீக்கம் வடிந்ததும் டாக்சி வைத்து ரோப்பர் போனோம். சண்டிகரிலிருந்து 45 கிலோமீட்டர் இருக்கும். சட்லெஜ் ஆற்றில் 1952-ல் கட்டிய தடுப்பணையால் உண்டான நீர்நிலை, 2002-லிருந்து ராம்சார் பட்டியலில் இருக்கிறது. அங்கே பார்த்த நாமக்கோழியும் ஊசிவால் வாத்தும் நம் கழுவேலிக்கும் வருகிறவைதான். ஊரிலேயே ஹரப்பா காலத்து அகழாய்வு இடமும் அருங்காட்சியகமும் உண்டு. அன்றைக்கு அவர் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தார். கிளம்பும் முன்பே டிரைவரிடம், வழியில் நல்ல கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டேன். அறுபது வயதுக்கு மேல் நான் கற்றுக்கொண்ட பாடம் அது.

இனி, நீங்கள் கேட்ட விவரங்கள்:

1. முன்பதிவு செய்யும்போது முகவரியில் செக்டர் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். மொகாலிக்கும் பஞ்ச்குலாவுக்கும்கூட செக்டர் எண் உண்டு. "சண்டிகர் யூனியன் பிரதேசமா?" என்று போன் போட்டே கேளுங்கள்.

2. செக்டர் 17 கடைத்தெரு. பக்கத்திலேயே 22, 35 செக்டர்களில் நடுத்தர விலை ஓட்டல்கள் நிறைய உண்டு. அரசு நிறுவனமான சிட்கோவின் ஓட்டல்கள் செக்டர் 10 (மவுண்ட்வியூ), 17 (சிவாலிக்வியூ), 24 (பார்க்வியூ) ஆகிய இடங்களில் இருக்கின்றன.

3. "அடுத்த செக்டர்தான்" என்றால் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு செக்டர் 1,200 மீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம். மூட்டு வலிக்காரர்களுக்கு அது பெரிய தூரம். நேக் சந்த் உடைந்த ஓட்டிலும் வளையலிலும் உண்டாக்கிய ராக் கார்டனில் படிகளும் குறுகல் வழிகளும் அதிகம்.

4. ரோப்பருக்குப் போய் அங்கே தங்க வேண்டியதில்லை, பகலில் போய்த் திரும்பலாம். பியாஸும் சட்லெஜும் சேரும் இடத்தில் இருக்கும் ஹரிகே நீர்நிலையைச் சண்டிகரிலிருந்து பார்க்க நினைக்காதீர்கள், ரொம்ப தூரம். அமிர்தசரஸில் தங்கினால் அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான்.

5. வாடகை கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள்: எந்த மாடி? லிஃப்ட் இன்றைக்கு வேலை செய்கிறதா? கழிப்பறை எந்த மாதிரி, தாழ்ப்பாள் இருக்கிறதா? உங்களோடு வருபவர்களில் யாருக்கு அதிகக் கஷ்டமோ, அவரை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

நம் ஊருக்குப் பூநாரை பார்க்க வர நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் ராம்சார் தகுதியும் பெற்றது. சுக்னா, ரோப்பர், ஹரிகே மூன்றும் மனிதன் அணை கட்டி உண்டாக்கியவை. நம்முடையது மழைநீரும் கடல்நீரும் தானாகக் கலந்து உண்டான ஏரி. டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். வெளியூர் நண்பர்களோடு வருகிறவர்கள் புதுச்சேரியிலோ திண்டிவனத்திலோ தங்கி விடிகாலையில் கிளம்பி வரலாம். ஏரிக்கரையிலேயே ரூம் வேண்டும் என்று கேட்காதீர்கள், பறவைகள் இருக்கட்டும். பெண்களும் பெரியவர்களும் உங்களோடு வந்தால் நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். தரைத்தளம்தான். போன மாதம் கழிப்பறைச் சுவரில் கம்பியும் வைத்துவிட்டேன்.

காபி என் துணைவியார் போடுவார். நான் போட்டால் குடிக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.