வினாப்பட்டியலும் வீட்டுத் திண்ணையும்

பொருளாதார நிபுணர் என்றால் பெரிய கணக்குகளைப் போட்டு அரசாங்கத்துக்கு யோசனை சொல்லுகிறவர் என்ற அபிப்பிராயம் ஜனங்களிடையே ஸ்திரமாக இருக்கிறது. அந்தக் கணக்குகளுக்கு ஆதாரமான எண்களெல்லாம், யாரோ ஒரு கணக்கெடுப்பாளர் யாரோ ஒரு குடியானவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களே என்பதையும், கேட்கும் விதம் மாறினால் எண்ணும் மாறிவிடும் என்பதையும் அறிந்தவர் சொற்பம். கிராமக் குடும்பங்களின் ஜீவனத்தை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட நான், இந்தத் துறையின் நிபுணத்துவம் பெரும்பாலும் வினாப்பட்டியலைத் தயாரிப்பதிலேயே அடங்கியிருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

நம் தேசத்திலேயே இதற்குப் பிரசித்தமான திருஷ்டாந்தம் உண்டு. 1950-இல் தோன்றிய தேசிய மாதிரி ஆய்வு, கடந்த 30 நாட்களில் அரிசிக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு என்று கேட்பதையே நெடுங்கால வழக்கமாகக் கொண்டிருந்தது. 1990-களில் பரீட்சார்த்தமாகச் சில குடும்பங்களிடம் உணவுச் செலவை மட்டும் 7 நாள் கணக்காகக் கேட்டு, அதை மாதக் கணக்காகப் பெருக்கிப் பார்த்தபோது, செலவு கணிசமாகக் கூடியிருந்தது. பின்னர் 1999-2000 ஆய்வில் ஒரே குடும்பத்திடம் இரு கணக்குகளையும் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஒரு பதிலைச் சொன்னவர் மற்றதையும் அதற்கு இசையச் சொல்லுவது மனித சுபாவம் அல்லவா? 1993-94-இல் சுமார் 36 சதவீதமாக இருந்த வறுமை 1999-2000-இல் 26.1 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. அதில் உண்மையாகக் குறைந்தது எவ்வளவு, கேள்வியால் குறைந்தது எவ்வளவு என்று அறிஞர்கள் பல ஆண்டுகள் விவாதித்தார்கள்.

செலவுக் கணக்காவது விவாதத்துக்கு வந்தது. பெண்களின் உழைப்போ பதிவேட்டுக்கே வராமல் போய்விடுகிறது. "வேலைக்குப் போகிறீர்களா அம்மா?" என்று கேட்டால், "நூறு நாள் வேலை வந்தா போவேன், மத்தபடி வீட்லதாங்க இருக்கேன்" என்று பதில் வரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு எழுந்துவிடுகிற கணக்கெடுப்பாளரின் தாளில் அந்த அம்மாள் வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் என்ற குறியீட்டில் அடைபட்டுப் போகிறார். அவ்வாறின்றி, நேற்று விடியற்காலையில் எழுந்தது முதல் படுக்கப் போகும்வரை நடந்ததைக் கிரமமாகச் சொல்லும்படி கேட்டு, குறுக்கிடாமல் செவிசாய்த்தால், மாடு கறந்தது, சொசைட்டிக்குப் பால் ஊற்றியது, வரப்பில் புல் அறுத்தது, விறகு பொறுக்கியது, சொந்த வயலில் களை எடுத்தது என்று ஒவ்வொன்றாக வெளிப்படும். அந்தப் பாலின் வருமானத்தில்தான் குடும்பத்தின் மளிகைக் கடன் அடைகிறது என்பதும் போகிற போக்கில் தெரியவரும். 1998-99-இல் மத்திய அரசு தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நாள்பொழுது எவ்வாறு கழிகிறது என்று ஆராய்ந்த முறை இதுவே. இந்த ஒரு காரியத்தில் சிரத்தை காட்டாத ஆராய்ச்சி, எத்தனை நுட்பமான கணிதத்தைக் கையாண்டாலும், பாதி ஜனங்களைக் காணாத ஆராய்ச்சிதான்.

எனக்கு ஆதர்சமாக இருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய கிராம ஆய்வு. 1915-இல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக நியமனம் பெற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களின் கையில் வினாப்பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, வடமலாபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்களின் நிலைமை 1918-இல் நூலாக வெளிவந்தது. 1936-37-இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும், 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல்லும் அவ்வூர்களுக்குச் சென்றார்கள். 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டை மீண்டும் ஆராய்ந்தார்கள். கூலி உயர்ந்ததா, நிலம் கைமாறியதா என்று இவ்வளவு நீண்ட காலத்துக்குத் தொடர்ந்து பார்க்க முடிகிறதென்றால், முதலில் சென்ற மாணவர்கள் கேட்டு எழுதி வைத்ததனால்தான். பிற்பாடு வருகிறவருக்கு நம்முடைய முடிவுகளைக் காட்டிலும், நாம் யாரைக் கேட்டோம், எந்த அளவையில் கேட்டோம் என்ற விவரமே அதிகம் பயன்படும். ஆகையால் என் தாள்களின் ஓரத்தில், நிலம் ஏக்கரில் சொல்லப்பட்டதா மாவில் சொல்லப்பட்டதா, நெல் எந்த மரக்காலால் அளக்கப்பட்டது, பதில் சொன்னவர் கணவரா மனைவியா என்பவற்றைத் தவறாமல் குறிக்கிறேன். மனைவி பதில் சொல்லும்போது கணவர் பக்கத்தில் நின்றிருந்தால் அதையும் எழுதிவிடுகிறேன்.