"நான் என்ன செஞ்சேன், அக்கா?"

கதவைத் திறந்தவள் எங்களைப் பார்த்ததும் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டாள். "பிள்ளை உறங்குகான். பொறவு வாங்க" என்றாள். உள்ளே ஒரு பாத்திர மூடி தரையில் சுழன்று சுழன்று விழும் சத்தம் கேட்டது. உறங்குகிற பிள்ளை மூடி சுற்றுமா! இருபது வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் நானும் இதே பொய்யைச் சொன்னவள்தானே.

என் மகனுக்கு இப்போது 23 வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. மூன்று வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டவும் தெரியாது. என் கையைப் பிடித்து இழுத்துப்போய் பிஸ்கட் டப்பாவின் மேல் வைப்பான். "தாய் வேலைக்குப் போனா பிள்ளை இப்பிடித்தான்" என்று சொந்தத்தில் பேசினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். டாக்டர் ஒருவர், "இன்னும் கொஞ்சம் பாசமாக இருங்கள் அம்மா" என்றாரே, அன்று ராத்திரி முழுக்க அழுதேன்.

நம்மூர்ப் பேச்சு மட்டும் அல்ல இது, சகோதரிகளே. 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விவரமாக எழுதினார். அதன்பின் வெகுகாலம், தாயின் பாசக் குறைவே காரணம் என்று அங்கே படித்தவர்களே சொல்லிவந்தார்கள்! 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற மனோதத்துவ நிபுணர் ஒரு புத்தகம் எழுதி அதை மறுத்தார். அவருடைய மகனுக்கே ஆட்டிசம். மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு, பரம்பரைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்பதே இன்றைய வைத்தியத்தின் முடிவு. ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பாத, ஒன்றரை வயதாகியும் எதையும் சுட்டிக் காட்டாத குழந்தையை, "பையப் பேசுவான்" என்று காத்திராமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கதவைச் சாத்தினவளிடம் வருகிறேன். தோவாளைப் பக்கம் ஒரு கிராமம். ஆறு வயதுப் பையன், பள்ளிக்கூடம் போனதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்க வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியைகள் உண்டு. அவர்களில் ஒருவருக்குத் துணையாக நானும் போவேன்.

இரண்டாம் முறை கதவு திறந்தது. நான்தான் கெடுத்தேன்! 1995 சட்டத்தில் ஆட்டிசம் இல்லை, 2016 சட்டத்தில் 21 வகை ஊனங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள், ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போ, சான்றிதழ் வாங்கு என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவள் முகம் இறுகிவிட்டது. ஊனம் என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்கிறாளோ என்னவோ!

மூன்றாம் முறை வாயைக் கட்டிக்கொண்டு போனேன். முறத்தில் பிச்சி மொட்டு குவிந்து கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் நாரை எடுத்தேன். "இப்பிடியா பூ கட்டுகது?" என்று சிரித்துவிட்டாள். அப்புறம்தான் பேச்சு வந்தது. அம்மன் கோயில் கொடைக்குப் போய் இரண்டு வருஷமாம். ஒலிபெருக்கி அலறினால் பையன் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவான். பேய் பிடித்த பிள்ளை என்றார்கள். மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று.

"நான் என்ன செஞ்சேன், அக்கா?"

டாக்டர் என்னிடம் சொன்னதை அவளிடம் சொன்னேன். "நானும் ஒண்ணும் செய்யல்ல, நீயும் ஒண்ணும் செய்யல்ல, மக்களே."

பையன் அதற்குள் அரளிப் பூக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஆசிரியை அதைத் தடுக்கவில்லை. மிச்சப் பூவைத் தன் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவன் கை நீட்டினால் "பூ" என்று ஒரே சொல், ஒரே ஒரு பூ. மறுபடி காத்திருப்பு. முக்கால் மணி நேரம் கழித்து, கை நீட்டும்போது ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான். அம்மாக்காரி கட்டின சரத்தைக் கீழே போட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து கஞ்சிக்கும் மட்டிப் பழத்துக்கும் அவளே அப்படிக் காத்திருக்கப் பழகினாள்.

இந்த வருஷக் கொடைக்கு, ஒலிபெருக்கி தொடங்கும் முன் காலையிலேயே பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நானும் போயிருந்தேன். பத்து நிமிஷம் நின்றிருப்போம். ஒரு கிழவி கிட்டே வந்து, "பிள்ளைக்கு என்னா?" என்று உரக்கக் கேட்டாள்.

நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்: "ஆட்டிசம், ஆச்சி. அவனுக்குச் சத்தம் ஆகாது. கொஞ்சம் பையப் பேசுங்க."