வேன்தான் வீடு!

கேரவன்னு சொன்னாலே ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்கார்ந்திருக்கும் வண்டிதான் ஞாபகம் வரும். மூங்கில்துறைப்பட்டில் ஒரு குடும்பத்துக்கு அது வாடகை வேன். பாய், தலையணை, தூக்கு நிறைய புளிசோறு, மூன்று வாண்டுகள்... தென்பெண்ணைப் பாலம் தாண்டி, 2024-ல் மாநகராட்சியான திருவண்ணாமலைக்குக் கிளம்பினார்கள்.

217 அடி, 11 நிலை ராஜகோபுரத்தை அப்பா பெருமையாகக் காட்டினார். ஊர்ச் சர்க்கரை ஆலைப் புகைபோக்கிதான் உலகத்திலேயே உயரம் என்று நினைத்திருந்த சின்னவள் கேட்டாள்: "இதுல ஏம்ப்பா புகை வரல?" ஒரே சிரிப்பு!

அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம்தான். உள்ளே கூட்டத்தில் ஆறு வயசுப் பெரியவனைக் காணோம்! அம்மா பிரகாரம் பிரகாரமாக ஓடினாள். பாட்டி அண்ணாமலையாரையே திட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், பையன் வேன் படியில் உட்கார்ந்திருக்கிறான். ரோட்டைத் தாண்டிக் கூட்டி வந்த பூக்காரம்மா பக்கத்திலேயே காவல். "எல்லாரும் கடைசில இங்கதானே வருவீங்க?" என்றான். அம்மா அடிக்க ஓங்கிய கையால் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பெரியவர்களுக்கு நகரம் என்றால் பார்க்க வேண்டிய இடங்களின் லிஸ்ட். குழந்தைக்கோ முதலில் திரும்பி வர ஓர் இடம் வேண்டும். கூண்டு வண்டி கட்டி, தீபம் பார்க்கப் போய், வண்டிக்கடியிலேயே தூங்கிய தாத்தா காலத்துப் பிள்ளைகளுக்கும் அந்த வண்டிதான் வீடு.

குட்டிகளோடு ஊர் சுற்றக் கிளம்புகிறீர்களா? கோபுரத்தை அப்புறம் காட்டலாம். முதலில் வண்டியைக் காட்டுங்கள். சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டும் இருக்கட்டும்!