விழுந்தவர் பெயரில் ஒரு எஃப்.ஐ.ஆர்.

சாலையின் நடுவே கருகருவென்று ஒரு சதுரம். சுற்றியுள்ள தார் வெயிலில் சாம்பல் பூத்துக் கிடக்க, இது மட்டும் பளபளக்கிறது. “இதுதான் சார் இடம்” என்று செருப்பு முனையால் தொட்டுக் காட்டினார் வழக்கறிஞர். சில வாரங்களுக்கு முன்பு குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணை மட்டும் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு மழைக்கு மண் அமுங்கி, பள்ளமாகித் தண்ணீர் கட்டிக்கொண்டது. கட்டட வேலை முடிந்து இரவில் பைக்கில் வீடு திரும்பிய ஒருவர் அதில் இறங்கி, தொடை எலும்பு முறிந்து, இன்னும் படுக்கையில் இருக்கிறார். மறுநாள் மதியத்துக்குள் பள்ளத்தின் மேல் தார் விழுந்துவிட்டது.

ஊரின் பெயரை எழுதக் கூடாது என்பது வழக்கறிஞரின் நிபந்தனை. வழக்கு இன்னும் தாக்கலாகவில்லை. ஊராட்சியாக இருந்து மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஒரு புறநகர்ச் சாலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் எந்த நகரத்தின் விளிம்பிலும் இதைப் பார்க்கலாம். இவர் நீண்ட காலமாக எம்.சி.ஓ.பி. வழக்குகள், அதாவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனுக்கள், நடத்துபவர். சாலையில் நடக்கும்போதுகூட இவர் கண் வண்டிகளைப் பார்ப்பதில்லை. தரையையே பார்த்துக்கொண்டு வருகிறார்.

“தார் போட்டுட்டாங்கன்னா எனக்குப் பாதி கேஸ் போச்சு” என்றார். சரிசெய்தது நல்லதுதானே என்றேன். “நல்லதுதான். ஆனா நாளைக்குக் கோர்ட்ல, அங்க பள்ளமே இல்லைனு சொல்லுவாங்க. இருந்துச்சுனு நான் நிரூபிக்கணும்.”

எதிரே டீக்கடை. கடைக்காரர் முதலில் பேசத் தயங்கினார். கோர்ட்டுக்கு அலையவிடுவார்களோ என்ற பயம். இரண்டாவது டீ வந்தபோது தானாகவே ஆரம்பித்தார். “நான்தான் சார் அதுல வேப்பங்கொம்பு ஒண்ணு நட்டு, செகப்புத் துணி கட்டி வெச்சேன். ரெண்டு நாள் நின்னுச்சு. அப்புறம் லாரி ஏறி ஒடிஞ்சுபோச்சு.” வழக்கறிஞர் கிளாஸைக் கீழே வைத்தார். எந்தக் கிழமை நட்டீர்கள், யாராவது படம் எடுத்தார்களா, கவுன்சிலரிடம் சொன்னீர்களா என்று கேள்வி மேல் கேள்வி. வார்டு வாட்ஸ்அப் குழுவில் கடைக்காரரின் மகன் படம் போட்டிருக்கிறான். கொம்பு, துணி, பின்னால் கடையின் பெயர்ப்பலகை எல்லாம் தெரிகிறது. விபத்துக்கு ஆறு நாள் முந்தைய தேதி. கீழே யாரோ கும்பிடும் கையைப் பதிலாகப் போட்டிருந்தார்கள். அது ஒரு அதிகாரியின் எண்ணா, சும்மா ஒரு வார்டுவாசியா என்று பார்க்கச் சொன்னார் வழக்கறிஞர்.

இந்தப் படத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதைச் சட்டத்திலிருந்துதான் சொல்ல வேண்டும். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சாலையை வடிவமைப்பவர், போடுபவர், பராமரிப்பவர், அது அரசு அமைப்பானாலும் ஒப்பந்ததாரரானாலும், பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ அபராதம் கட்ட வேண்டும். நீதிமன்றம் எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது: அந்தச் சாலையின் தன்மை, அதில் ஓடும் வண்டிகள், எதிர்பார்க்கக்கூடிய பராமரிப்பு, எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்பவை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அங்கே ஆபத்து இருப்பது பொறுப்பானவருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா என்பது. டீக்கடைக்காரர் மகனின் படம் அந்தக் கேள்விக்குத்தான் பதில்.

படித்ததும் நிம்மதியாக இருக்கிறது, இல்லையா? அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அபராதம் அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். அதுவும் விழுந்தவர் கைக்கு வராது. 164பி பிரிவின் கீழ் உள்ள மோட்டார் வாகன விபத்து நிதிக்குப் போகும். தொடையில் கம்பி வைத்துப் படுத்திருப்பவருக்கு இந்தப் பிரிவு நேரடியாக ஒரு ரூபாயும் தராது. சட்டத்தை எழுதியவர்கள் அரசைத் தண்டிக்க நினைத்தார்களா, அரசின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்ற நினைத்தார்களா என்று எனக்கு விளங்கவில்லை.

காவல் நிலையம் கூப்பிடு தூரம்தான். எஃப்.ஐ.ஆர். நகலை வழக்கறிஞர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். நடந்துகொண்டே வாசித்தேன். “இருசக்கர வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிச் சென்று, நிலைதடுமாறித் தானாகவே விழுந்து…” பாரதிய நியாய சன்ஹிதா 281ஆவது பிரிவு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதுவே 279. குற்றம்சாட்டப்பட்டவர் யார் என்று பார்த்தால் விழுந்தவரேதான். பள்ளம் என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே இல்லை.

பணியில் இருந்த எழுத்தரிடம் கேட்டேன். அவர் எரிந்து விழவில்லை, சலிப்போடு சொன்னார். “வேற வண்டி இல்ல. பின்ன யார் பேர்ல போடறது? ரோடு பேர்லயா?” அவரைக் குறை சொல்லித் தீராது. விபத்து என்றால் ஒரு வண்டி, அந்த வண்டிக்கு ஒரு ஓட்டுநர் என்றுதான் எல்லாப் படிவமும் பழகியிருக்கிறது. இ-டார் என்ற மின்னணு விபத்துப் பதிவு முறை இப்போது இருக்கிறது. அதன் தொடக்க வடிவத்தை உருவாக்கியது சென்னை ஐ.ஐ.டி. சம்பவ இடத்திலிருந்து காவலர் படமும் இடக்குறிப்பும் ஏற்றுவது, சாலைத் துறைப் பொறியாளர் வந்து சாலையின் நிலையைப் பதிவது எல்லாம் அதில் உண்டு. ஒழுங்காக நிரப்பினால் பள்ளம் அதில் பதிவாகிவிடும். இந்த வழக்கில் பொறியாளர் வரும்போது புதுத் தார்தான் இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலில், மட்டும் ஒரு வெளிச்சம். அவசரப் பிரிவில் மருத்துவர் கேட்டபோது, “ரோட்டுப் பள்ளத்தில் பைக் இறங்கி விழுந்ததாகச் சொல்கிறார்” என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியைக் கோடு போட்டு வைத்திருந்தார் வழக்கறிஞர்.

இன்சூரன்ஸ்? பைக் வைத்திருப்பவர்களுக்கு 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. ஆனால் அது உயிர் போனாலோ, கை கால் கண் போனாலோ, நிரந்தரமாக முடங்கினாலோ தரும் தொகை. எலும்பு முறிவுக்கு இல்லை. அதோடு பதிவுச் சான்றில் பெயர் உள்ள உரிமையாளரே ஓட்டியிருக்க வேண்டும். இங்கே வண்டி மச்சான் பெயரில். தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றால், மோதிய வண்டி என்று ஒன்று வேண்டும். “பள்ளத்துல விழுந்தவர் மேல பின்னாடி வந்த பஸ் ஏறியிருந்தா எனக்கு கேஸ் ஈஸி சார்” என்றார் வழக்கறிஞர். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. ஆனால் உண்மை அதுதான். பஸ் ஏறினால் பஸ்ஸின் இன்சூரன்ஸ் பணம் தரும். பள்ளம் வெட்டியவரை யாரும் கேட்க மாட்டார்கள். பஸ் ஏறாவிட்டால் விழுந்தவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த முக்குக்கு வந்தோம். அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. இடுப்பளவு ஆழத்தில் குழி, கரையில் குவித்த மண், இரண்டு சிமெண்ட் கட்டிகளுக்கு நடுவே கட்டிய பிளாஸ்டிக் நாடா. சாலைப் பணி நடக்கும் இடங்களில் என்னென்ன வேண்டும் என்று இந்தியச் சாலைகள் பேராயம் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்ற கையேட்டில் எழுதி வைத்திருக்கிறது. முன்கூட்டியே எச்சரிக்கும் பலகை, தடுப்பு, இரவில் ஒளிரும் பட்டை, விளக்கு என்று எல்லாம் உண்டு. மேஸ்திரியைக் கேட்டேன். “பேரிகேட் நாலு குடுத்தாங்க சார். ரெண்டு வேற சைட்டுக்குப் போயிருச்சு. ரெண்டை ராத்திரி யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க.” யாருடைய வேலை என்றால் ஒரு பொறியாளரின் முதல் பெயர் மட்டும் அவருக்குத் தெரியும். அவர் எந்தத் துறை என்று தெரியவில்லை. மேஸ்திரி சப்-காண்ட்ராக்ட்டில் வந்தவர்.

வழக்கின் சிக்கல் எல்லாம் இந்தக் குழிக்குள்தான் இருக்கிறது. தோண்டும் துறை மாநகராட்சியிடம் ரோடு கட்டிங் அனுமதி வாங்கி, சீரமைப்புக் கட்டணத்தைக் கட்டிவிடும். மேலே தார் போட வேண்டியது மாநகராட்சி. குழாய் போட்டு மண்ணை மூடிய நாளுக்கும் தார் விழும் நாளுக்கும் இடையில் அந்த இடம் யாருடையது? கட்டணம் கட்டிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது என்று ஒருவர் சொல்வார். எங்களிடம் இன்னும் ஒப்படைக்கவில்லை என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுக்கும் கடிதம் இருக்கும்.

நீதிமன்றங்களும் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசியதில்லை. டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து சாலையில் போனவர்கள் இறந்த வழக்கில், 1966இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. பழுது தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது, தெரிந்துவைத்திருப்பதே உங்கள் கடமை என்றது. ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில், 1997இல் அதே நீதிமன்றம் மாநகராட்சிக்குப் பொறுப்பில்லை என்றது. உயர் நீதிமன்றத்துக்கு நேராக ரிட் மனுவாகப் போகலாமே என்றால் அங்கும் ஒரு கதவு பாதி மூடியிருக்கிறது. மின்சாரம் தாக்கி இறந்த ஒருவர் சம்பந்தமான தமிழ்நாடு மின்வாரிய வழக்கில், அலட்சியம் நடந்ததா என்பதிலேயே தகராறு இருந்தால் ரிட் மனுவில் இழப்பீடு தருவது சரியல்ல என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தகராறு இருந்தால் சிவில் கோர்ட். அரசு மேல் வழக்குப் போட முதலில் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

மற்ற மாநிலங்களில் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள சாலை என்பது வாழ்வுரிமையில் அடங்கும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2015இல் சொன்னது. 2019இல் கர்நாடக உயர் நீதிமன்றம், பள்ளத்தால் காயம்பட்டவர் பெங்களூரு மாநகராட்சியிடம் இழப்பீடு கோரலாம் என்றது. 2025 அக்டோபரில் பம்பாய் ஒருபடி மேலே போய் தொகையையே சொல்லிவிட்டது. பள்ளத்தாலோ மூடாத சாக்கடைக் குழியாலோ இறந்தால் 6 லட்சம், காயத்துக்கு அதன் தன்மையைப் பொறுத்து 50 ஆயிரம் முதல் இரண்டரை லட்சம் வரை. கோரிக்கையை விசாரிக்கக் குழு அமைக்க வேண்டும், கொடுத்த தொகையைத் தவறு செய்த அதிகாரியிடமும் ஒப்பந்ததாரரிடமும் வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவு. அது மகாராஷ்டிரத்துக்கு. இங்கே வாதத்தில் எடுத்துக்காட்டலாம், நீதிபதி ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்றில்லை.

இத்தனைக்கும் நாட்டையே உலுக்கிய சாலைப் பாதுகாப்பு வழக்கு கோயம்புத்தூரிலிருந்து போனது. கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல மனு அது. 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. 2018 டிசம்பரில் அதே வழக்கில்தான், 2013 முதல் 2017 வரை பள்ளங்களால் 14,926 பேர் இறந்த கணக்கைப் பார்த்த நீதிபதிகள், எல்லையில் இறப்பவர்களைவிட இது அதிகமாக இருக்கும் என்று கடிந்துகொண்டார்கள். உடைந்த எலும்பை ஒட்டவைப்பவர் எலும்பு உடையும் இடத்தைத் தேடிப் போனார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

திரும்பும் வழியில் ஒரு சாக்கடை மூடியில் கால் இடறியது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதில் சாலை உயர்ந்து, மூடி ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலரே உத்தரவிட்டார். வழக்கறிஞர் அதையும் படம் எடுத்துக்கொண்டார், அடுத்த கட்சிக்காரருக்காக என்று சொல்லிச் சிரித்தார்.

மண்டல அலுவலகம் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். அவர் பையிலிருந்து தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்றை எடுத்தார். மேலே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். சாலையை வெட்ட அனுமதி கொடுத்த தேதி, கேட்ட துறை, கட்டிய தொகை, புகார்ப் பதிவேடு என்று வழக்கமான கேள்விகள். கடைசிக் கேள்வியைத்தான் விரலால் தட்டிக் காட்டினார். அந்தப் பள்ளத்தை மூடிய வேலையின் எம்.புக் நகல். ஒப்பந்ததாரருக்கு எந்த வேலைக்குப் பணம் தர வேண்டுமானாலும் பொறியாளர் அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், ஆழம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். “அவசர அவசரமா மூடினாங்கல்ல? அதுக்கு பில் போட்டிருப்பாங்க. பில் போட்டிருந்தா பள்ளம் எவ்வளவு ஆழம்னு அவங்களே எழுதியிருப்பாங்க.”

பில் போடாமல் விட்டிருந்தால் என்றேன்.

“எந்த காண்ட்ராக்டர் சார் சும்மா தார் ஊத்துவான்?” என்றபடி, ஒப்புகைச் சீட்டில் தேதி முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். பதில் தர முப்பது நாள் அவகாசம். அதற்குள் நோட்டீஸும் போய்விட வேண்டும் என்று அலுவலகப் படியிலேயே உட்கார்ந்து ஜூனியருக்குப் போன் போட்டார்.