உடன்பிறந்தார் எங்கே?

மனிதருக்கு நெடுங்காலம் துணைவரும் உறவு எது என்று வினவினால், தாய் தந்தையரே எனப் பலரும் விடை கூறுவர். சற்றே சிந்திப்போமாயின், அச்சிறப்பு உடன்பிறந்தாருக்கே உரியது என்பது புலனாகும். பெற்றோர் நமக்கு முன்னே சென்றுவிடுவர். வாழ்க்கைத் துணையும் மக்களும் இடையில் வந்து சேர்வர். தொட்டிற் பருவந் தொடங்கி முதுமை வரை உடன் வரத்தக்கவர் அண்ணனும் அக்காளும் தம்பியும் தங்கையுமே அன்றோ? அவ்வுறவு குழந்தைப் பருவத்திலேயே அறுந்துவிட்டால், பின்னர் அதனை எங்ஙனம் தேடிக் காண்பது?

எமது சின்னம்மா மூன்று வயதிலே, பிள்ளைச் செல்வமில்லாத உறவினர் வீட்டுக்குச் சுவீகாரமாகக் கொடுக்கப்பட்டவர். ஆயினும் எம் அன்னையார் தம் தங்கையைத் தேடி அலைய நேர்ந்ததில்லை. கொடுத்தவரையும் கொண்டவரையும் ஊரார் அனைவரும் அறிவர். ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டு தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும், சுவீகாரமானது உரித்துடைய உறவினரின் சம்மதத்தோடு, மஞ்சள்நீர் பருகும் சடங்குடன் நிகழ்வதாகக் காண்கிறோம். பலரறியச் செய்த காரியம் எளிதில் மறைந்துபோவதில்லை.

ஊரறியாது கொடுக்கப்பட்ட குழந்தைகளின் கதையோ வேறு. 1970களிலும் 1980களிலும் நமது நாட்டிலிருந்து பல்லாயிரம் குழந்தைகள் சுவீகாரத்தின் பேரால் ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெறாத பெண்களைத் தாய்மார் போல நடிக்கச் செய்து குழந்தைகளை ஒப்படைத்த கொடுமையும் நிகழ்ந்ததென்பது பின்னர் வெளியாயிற்று. சுவிற்சர்லாந்து அரசு 2020இல் இதன் பொருட்டு வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து அரசு, தான் நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்த 2021இல் மன்னிப்புக் கோரியது. மன்னிப்பு நல்லதே. எனினும், பத்திரத்திலுள்ள தாயின் பெயரே பொய்யாயின், அதைக் கொண்டு தமையனைத் தேடுவது எப்படி?

இவ்விடத்திலேதான் மரபணுச் சோதனை கைகொடுக்கிறது. ஒரே தாய் தந்தையரின் பிள்ளைகளிடையே ஏறத்தாழ 50 சதவீத மரபணு ஒற்றுமை காணப்படும். பெற்றோருள் ஒருவர் மட்டும் பொதுவாயின் அது ஏறக்குறைய 25 சதவீதமாகும். சிறிதளவு உமிழ்நீரே சோதனைக்குப் போதும். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. தேடுபவர் மட்டும் உமிழ்நீர் கொடுத்தாற் பயனில்லை; தேடப்படுபவரும் கொடுத்திருந்தாலன்றி இரண்டும் பொருந்தமாட்டா. ஐரோப்பாவில் வளர்ந்த தங்கை ஒரு கரையில் நிற்க, இங்கே ஒரு சிற்றூரில் வாழும் தமையன் அச்சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டும் இராதவனாக இருக்கலாம்.

நாடுகளிடையே நிகழும் சுவீகாரம் பற்றி 1993இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையை இலங்கை 1995இல் ஏற்றுக்கொண்டது. பிள்ளையின் பிறப்பைப் பற்றிய விபரங்களைப் பேணிக் காக்கவேண்டும் என்று அது விதிக்கின்றது. பெற்றோர் யாவர் என்பதையும் மருத்துவ வரலாற்றையும் அது சிறப்பாக எடுத்துக் கூறுகின்றது. உடன்பிறந்தாரைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. சட்டம் சொல்லாது விட்டதைக் குடும்பங்களே செய்தல் வேண்டும்.

ஆதலின், இதனை வாசிக்கும் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கொடுத்த பிள்ளையோ கொண்ட பிள்ளையோ உண்டாயின், அதனைத் தக்க வயதில் அப்பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். பிறந்த இடம், பெற்றவள் பெயர், உடன்பிறந்தார் எத்தனை பேர், எவரெவர் எங்கே சென்றனர் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழுடன் வையுங்கள். உண்மையைச் சொன்னால் வளர்த்த அன்பு குறைந்துவிடுமோ என்று அஞ்சுவோர் உளர். எமது சின்னம்மா தம்மை வளர்த்த தாயை இறுதிநாள் வரை தம் கையாலேயே பராமரித்தார். தமக்கு அக்காள் ஒருத்தி உண்டென்பதை அறிந்திருந்தமை அவ்வன்பில் ஓர் அணுவையும் குறைக்கவில்லை.