ராமேஸ்வரத்துக்கு டிசம்பரில் கார் பயணமா? திருச்சியில் எடுக்க வேண்டிய முக்கியமான முடிவு!

அரையாண்டுத் தேர்வு முடிகிற வாரத்தில் பல வீடுகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான் ஓடும். "இந்த வருஷம் ராமேஸ்வரம் போயிடலாமா?" என்று ஒருவர் கேட்பார். பாட்டிக்கு 22 தீர்த்தம் ஆட வேண்டும். பிள்ளைகளுக்குப் புதிய பாம்பன் பாலத்தைப் பார்க்க வேண்டும். கார் ஓட்டப்போகிற அப்பாவோ, மாமாவோ கூகுள் மேப்பைத் திறந்து, எந்த வழியில் அரை மணி நேரம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

தவறு அங்கேதான் தொடங்குகிறது. சாலையில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்பதை மேப் சொல்லிவிடும். வங்கக்கடலில் என்ன உருவாகிக்கொண்டிருக்கிறது, எந்தக் கண்மாய் மறுகால் பாய்கிறது, எந்தத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியாது. நவம்பர், டிசம்பரில் ராமநாதபுரம் பக்கம் போகிற குடும்பத்துக்கு அந்த அரை மணி நேரத்தைவிட இந்தத் தகவல்கள்தான் முக்கியம்.

சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி திருச்சி, மதுரை, பரமக்குடி வழியாகப் போவது. சுமார் 640 கி.மீ. வரும். இரண்டாவது, திருச்சியில் பிரிந்து புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை, தேவிபட்டினம் வழி. இது சுமார் 570 கி.மீ. மூன்றாவது, புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம், முத்துப்பேட்டை, மீமிசல், தொண்டி என்று கடலை ஒட்டியே இறங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை. மூன்றும் ராமநாதபுரத்தில் ஒன்றாகிவிடும். அங்கிருந்து தீவுக்கு ஒரே சாலைதான், ஒரே பாலம்தான்.

அழகான வழிக்கு அவசரம் வேண்டாம்

மூன்றில் மனதை இழுப்பது கடற்கரைச் சாலை. உப்பளங்களும் அலையாத்திக் காடும் தர்காக்களும் மீன்பிடி கிராமங்களும் ஜன்னலுக்கு வெளியே வந்துகொண்டே இருக்கும். ஆனால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் முதல் அடி விழுவது இந்தச் சாலையின் மீதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னை மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து டெல்டாவின் சாலைகள் பல நாள்கள் முடங்கின. புயலே வராவிட்டாலும், காவிரியின் கிளை ஆறுகள் எல்லாம் கடலைத் தேடி ஓடுவது இந்தச் சாலையைக் குறுக்கே கடந்துதான்.

அதனால் கடற்கரைச் சாலையை ஜனவரிக்கு வைத்துக்கொள்வது நல்லது. பொங்கல் நெருங்கும்போது மழை பெரும்பாலும் விலகியிருக்கும், வெயிலும் இதமாக இருக்கும். டிசம்பரில்தான் லீவு என்றால், போகும்போது உள்நாட்டுச் சாலை, திரும்பும்போது வானம் தெளிவாக இருந்தால் மட்டும் கடற்கரைச் சாலை. ஊருக்குத் திரும்பும் வழியில் பாதியில் ரூட்டை மாற்ற வேண்டி வந்தாலும் நஷ்டம் குறைவு.

மிச்சமிருக்கும் இரண்டில் எது? அதைக் கிளம்பும் முன்பே தீர்மானிக்கத் தேவையில்லை. திருச்சி வரை பாதை ஒன்றுதான். காலை டிபனுக்கு அங்கே நிறுத்தும்போது, மேப்பைப் பார்ப்பதற்கு முன்னால் வானிலை மையத்தின் அன்றைய மாவட்ட எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் 'மௌசம்' செயலியிலும் தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியிலும் பார்க்கலாம். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மூன்றும் பச்சையாக இருந்தால் காரைக்குடி வழி. தூரமும் குறைவு, லாரித் தொல்லையும் குறைவு. ஆரஞ்சு நிறம் தெரிந்தால் மதுரை வழி.

70 கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு ஏன் போக வேண்டும் என்று முன் சீட்டிலிருந்து கேள்வி வரும். காரணம் இருக்கிறது. காரைக்குடிக்குத் தெற்கே சாலை பெரும்பாலும் இருவழி. இரண்டு பக்கமும் கண்மாய்கள். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வது அதைத்தான். நாரையால்கூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம் என்று அர்த்தம். வானம் பார்த்த பூமி என்று பெயரெடுத்த மாவட்டம் இது. வருஷத்து மழையில் பெரும் பங்கு இந்த மூன்று மாதங்களில்தான் கொட்டும். தண்ணீர் வருகிற சில நாள்களில் எங்கே சாலை முடிகிறது, எங்கே கண்மாய் தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்கு, அதுவும் இருட்டில், தெரியாது. மதுரை வழியில் பரமக்குடி வரை நான்குவழிச் சாலை. இடையில் மானாமதுரை, பரமக்குடி என்று ஒதுங்கி நிற்க ஊர்களும் உண்டு.

பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை மட்டும் கவனம் தேவை. சுமார் 46.7 கி.மீ. நீளமுள்ள அந்தப் பகுதியை 1,853 கோடி ரூபாயில் நான்குவழியாக்க 2025 ஜூலையில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நான்குவழிச் சாலையில் வந்த அதே வேகத்தில் இருவழிச் சாலைக்குள் நுழைவது, சபரிமலை சீசனில் இரவு முழுக்க ஓட்டிவந்த வேன்கள் எதிரே வரும் நேரத்தில், சரியான காரியம் அல்ல.

அந்த வழியில் சத்திரக்குடி என்று ஓர் ஊர் வரும். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. காசி, ராமேஸ்வரம் என்று நடந்தே வந்தவர்களுக்காகச் சேதுபதி மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டிவைத்தார்கள். ஒரே மூச்சில் போய்ச் சேர வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவில்லை. இன்று பத்து, பதினோரு மணி நேரம் தொடர்ந்து காரில் உட்கார்ந்து, இரவு ஒன்பது மணிக்குப் பாலம் ஏறி, மறுநாள் அதிகாலை நான்கு மணிக்குப் பாட்டியை எழுப்பித் தீர்த்தமாட அழைத்துப் போகிறோம். முதல் நாள் இரவு ராமநாதபுரத்திலோ, காரைக்குடியிலோ தங்கினால் என்ன? அறையின் வாடகையும் லீவு நாள்களில் தீவுக்குள் கேட்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பாம்பன் கூண்டு சொல்லும் சேதி

புயல் சீசனில் டி.வி. செய்தியில் 'பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று கேட்டிருப்போம். கேட்டுவிட்டு சேனலை மாற்றியும் இருப்போம். பயணம் கிளம்பும் வாரத்தில் அதை மாற்றாமல் கேளுங்கள். ஒன்று, இரண்டு எண்கள் என்றால் புயல் சின்னம் தூரக் கடலில் இருக்கிறது. மூன்று, நான்கு என்றால் துறைமுகத்தின் பக்கமே மோசமான வானிலை வரலாம். ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இது கப்பல்களுக்கும் படகுகளுக்கும் ஏற்படுத்தப்பட்ட முறைதான். இருந்தாலும் மூன்றாம் எண் ஏறிவிட்டால், கார்க்காரர்களும் ராமநாதபுரத்தோடு நிற்பது நல்லது.

இன்னொரு அடையாளமும் உண்டு. காற்று எச்சரிக்கை இருந்தால் மீன்வளத் துறை விசைப்படகுகளுக்கு டோக்கன் கொடுக்காது. பாலத்தின் மேலிருந்து பார்க்கும்போது படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடந்தால், ஏன் என்று ஒரு டீக்கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள். வேலைநிறுத்தமாகவும் இருக்கலாம். காற்றாக இருந்தால் தனுஷ்கோடியை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.

இதெல்லாம் கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிறவர்கள் 2024 நவம்பர் 20-ம் தேதியை நினைத்துப் பார்க்கலாம். அன்று ராமேஸ்வரத்தில் பெய்த மழை 40 சென்டிமீட்டருக்கும் மேல். ஒரே நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வானிலை மையம் அதை 'அதி கனமழை' என்கிறது. அதைப்போல இரண்டு மடங்கு. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று பக்கத்து ஊர்களையும் அது விடவில்லை. முதல் நாள் காலையில் 'லேசான தூறல்தானே' என்று கிளம்பியவர்கள் அன்று எங்கே நின்றிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ராமேஸ்வரத்தோடு நிற்காமல் கீழக்கரை, சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று தெற்கே இறங்குகிறவர்களுக்கும் இதே விதிதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கிக்கொண்டது. வானிலை மையம் எச்சரித்த பிறகும் பயணத்தை ஒத்திவைக்கத் தயங்குவது பெரும்பாலும் ரூம் அட்வான்ஸ் போய்விடுமே என்ற கவலையால்தான். அதனால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்து புக் செய்துவிட்டால் பாதிப் பிரச்னை தீரும்.

பாலமும் அதற்கு அப்பாலும்

ராமேஸ்வரம் தீவுக்கு ரயில் பாலம் வந்தது 1914-ல். கார் போகும் பாலம் வந்தது 1988-ல்தான். அதுவரை ரயிலில் போக வேண்டும், இல்லையென்றால் படகு. சுமார் 2.3 கி.மீ. நீளமுள்ள இந்தச் சாலைப் பாலத்தின் மேலிருந்துதான் ரயில் பாலம் தெரியும். 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளத்துக்கு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும். பிள்ளைகள் குதிப்பார்கள். ஆனாலும் பாலத்தின் மேல் காரை நிறுத்திக் கதவைத் திறந்து இறங்கக் கூடாது. இரண்டு பக்கமும் வண்டிகள் வருகின்றன. காற்றும் லேசுப்பட்டதல்ல. பழைய ரயில் பாலம் பயன்பாட்டில் இருந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். பாலத்தைத் தாண்டி, ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்து பார்க்கலாம்.

தனுஷ்கோடிக்கு முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலில் ஜீப்பும் வேனும்தான். இப்போது சொந்தக் காரிலேயே முனை வரை போய்விடலாம் என்பதால், அது எப்படிப்பட்ட இடம் என்பது மறந்துபோகிறது. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அதை விழுங்கியது. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. அந்த ஊர் மறுபடி எழவே இல்லை. உடைந்த தேவாலயமும் ரயில் நிலையச் சுவர்களும் இன்றும் நிற்கின்றன. அது நடந்தது டிசம்பர் கடைசி வாரம், நாம் கூட்டம் கூட்டமாகப் போகிற அதே வாரம்.

காற்று பலமாக இருக்கும் நாளில் புதுரோடு சோதனைச்சாவடியிலேயே வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே நின்று போலீஸாரிடம் வாக்குவாதம் செய்யும் குடும்பங்களை எல்லா சீசனிலும் பார்க்க முடிகிறது. சாலையின் ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. அமைதியான பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், சீறும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் உள்ளூரில் சொல்வதுண்டு. அதை நம்பி பாக் நீரிணைப் பக்கம் இறங்கிவிடாதீர்கள். வாடைக்காற்று வீசும் இந்த மாதங்களில் கதை தலைகீழ், அந்தப் பக்கம்தான் கொந்தளிக்கும். காலையில் வெளிச்சம் வந்த பிறகு போய், மதியத்துக்குள் திரும்புவது சுகம். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மாலைக்குப் பிறகு அங்கே இருக்கவும் விடமாட்டார்கள்.

இவ்வளவையும் கடந்து குளிர்காலத்தில் அங்கே ஏன் போக வேண்டும்? பறவைகளுக்காகவே போகலாம். ராமநாதபுரம் நகரத்தை ஒட்டியிருக்கும் சக்கரக்கோட்டைப் பறவைகள் சரணாலயம் 2025-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. கண்மாய் நிறைந்திருந்தால் கருவேல மரங்களில் கூடுகள் தெரியும். அதே ஆண்டு ஜூனில் தனுஷ்கோடிப் பகுதி பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழை ஓய்ந்து நீர் வற்றத் தொடங்கும் ஜனவரி, பிப்ரவரியில் ஆழமில்லாத தண்ணீரில் அவை இளஞ்சிவப்புக் கோடாக நிற்கும். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். பறவைகளை அருகில் போய் விரட்டிப் படமெடுக்க வேண்டாம்.

ஜனவரியில் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விழுப்புரம் தாண்டி அதிகாலையில் மூடுபனி இறங்கும். மழைக்குப் பயந்து டிசம்பரைத் தவிர்த்தவர்கள் பனியில் அவசரப்பட வேண்டாம், விடிந்த பிறகு கிளம்பலாம். அடுத்தது தை அமாவாசை. அன்று அக்னி தீர்த்தக் கரையில் காலெடுத்து வைக்க இடமிருக்காது. தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்கள் தவிர மற்றவர்கள் காலண்டரில் அந்த நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் விட்டுவிட்டு ரூம் போடுங்கள். வருகிற வழியில் கீழக்கரைப் பக்கம் போக முடிந்தால் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய அந்த இனிப்பு ஊர் வந்து சேரும்வரை கெடாது.