யார் ஜெபம் சொல்வது?

மாரியம்மன் திருவிழா வந்தால் முதல் மரியாதை யாருக்கு என்று தோட்டத்தில் இரண்டு கட்சி கிளம்புவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்தவர்களிடம் அந்தத் தொல்லை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் தோட்டத்தில் இருப்பதே பதினொரு கிறிஸ்தவக் குடும்பங்கள். அதற்குள் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் என்று மூன்று பெயர்.

இந்தப் பெயர்கள் நம் பாட்டன்மார் ஆராய்ந்து தேர்ந்துகொண்டவை அல்ல. ஒரு மிஷன் வேலை செய்யும் வட்டாரத்தில் இன்னொன்று நுழைவதில்லை என்று அந்நாளில் வெள்ளைக்காரப் பாதிரிமார் ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதனால் திருநெல்வேலிக்காரர் பெரும்பாலும் ஆங்கிலிக்கன். மதுரைக்காரர் அமெரிக்க மிஷன். நாகர்கோவில்காரர் லண்டன் மிஷன். தரங்கம்பாடிக்காரர் லுத்தரன். மலாயாவுக்குக் கப்பலேறியபோது தகரப்பெட்டியோடு அந்தப் பெயரும் கூடவே வந்தது. சண்டை போட்டுப் பிரிந்ததோ ஐரோப்பாவில். அந்தச் சண்டையில் நம்மவர் ஒருவரும் இல்லை.

இதைத் துணிந்து சொன்னவர்களில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனவர். 1919-இல் தரங்கம்பாடியில் பல சபைப் போதகர்கள் கூடி, நாம் உண்டாக்காத பிரிவினையை நாம் ஏன் சுமக்கவேண்டும் என்று கேட்டார்கள். அதில் அவர் முன்னின்றார். பேச்சு இருபத்தெட்டு ஆண்டுகள் இழுத்தது. அசரியா 1945 ஜனவரி முதல் தேதி கண்மூடினார். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் கழித்து, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

இருபத்தெட்டு ஆண்டுகள் எதற்குப் பிடித்தன தெரியுமா? முக்கியமாக ஒரே கேள்விக்கு. பிஷப் கைவைத்துப் பட்டம் கொடுத்தவர்தான் குருவானவர் என்றது ஆங்கிலிக்கன் பக்கம். அப்படியானால் இத்தனை காலம் நாங்கள் கொடுத்த நற்கருணை பொய்யா என்றது மறுபக்கம். யாரையும் பொய் என்று சொல்லாமல் முடித்தார்கள். இதுவரை பட்டம் பெற்றவர்கள் எல்லாரும் அப்படியே போதகர்கள். மறுபடி கைவைக்கத் தேவையில்லை. இனிமேல் வருகிறவர்களுக்கு மட்டும் பிஷப் கைவைப்பார். மனசாட்சிக்கு ஒவ்வாத போதகரை எந்தச் சபைமேலும் திணிப்பதில்லை. முப்பது ஆண்டுகள் இப்படிச் சேர்ந்து வாழ்ந்துவிட்டு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பிஷப்பே இல்லாத பிரஸ்பிட்டேரியன் சபையிலிருந்து வந்த லெஸ்லி நியூபிகின் அன்றே மதுரைக்கு பிஷப் ஆனார்!

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தரங்கம்பாடியில் கூடிப் பேசியும் லுத்தரன் சபை சேரவில்லை. நந்தியாலில் ஆங்கிலிக்கர் பலர் வெளியே நின்றார்கள். சாதிப் பூசலும் சொத்து வழக்கும் புதிய திருச்சபைக்குள்ளும் இருக்கின்றன. ஆனாலும் ஒருவர் பட்டத்தை இன்னொருவர் மதித்தார்களே, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஏன் என்றால், போன வருஷம் எங்கள் லயத்தில் ஒரு பாட்டியம்மா விடியற்காலையில் இறந்துபோனார். மகன் தாயின் சபையில் இருக்கிறார். மகள் கல்யாணமாகி வேறு சபைக்குப் போனவர். பத்து மணிக்கெல்லாம் அண்டை வீட்டு இந்துப் பிள்ளைகள் குழி வெட்டி முடித்துவிட்டார்கள். அடக்க ஜெபம் சொல்வது யார் என்பது முடியவில்லை. அவர் நின்றால் நான் நிற்கமாட்டேன் என்றார் ஒரு போதகர். மாலை நாலரைக்குத்தான் அடக்கம் நடந்தது. ஒருவர் ஜெபிக்க, மற்றவர் வேலிக்கு அப்பால் நின்றார். மண்வெட்டியோடு காத்திருந்த பெரியவர், "ஏன் டீச்சரம்மா, கெழவி கும்பிட்டது ஒரே சாமியத்தானே?" என்று என்னிடம் கேட்டார். அண்ணனும் தங்கையும் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

வருகிற மாதம் வருஷ நினைவு ஜெபம். பள்ளி மண்டபத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு போதகர் வேதம் வாசிக்கட்டும், மற்றவர் ஜெபிக்கட்டும் என்று மகனிடம் சொன்னேன். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தங்கச்சி வருவாளா டீச்சர்?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகவேண்டும்.